தவணை மகளுக்கு, வீடு மகனுக்கா?

பெற்றோர்களே, மனம் பொறுக்காமல்தான் கேட்கிறேன். பெண் சம்பாதிக்க ஆரம்பித்ததும் வீட்டுக்கடன் தவணையை அவள் தலையில் வைக்கிறோம். அவளும் முகம் சுளிக்காமல் கட்டுகிறாள். கடன் தீர்ந்து பத்திரம் பாங்கிலிருந்து திரும்பியதும் வீட்டை மகன் பேருக்கு எழுதிவைக்கிறோம். எப்படி மனசு வருகிறது?

என் நெருங்கிய சொந்தத்தில் இது நடந்தது. அந்தப் பெண்ணின் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்தேன். மாதாமாதம் 5ஆம் தேதி அப்பாவின் கடன் கணக்குக்கு ஒரே தொகை, ஐந்து வருஷம். அவள் கல்யாணம் நடந்த மாதத்தில்கூட அந்த வரி விடுபடவில்லை. வீடு தம்பி பேருக்குப் போனதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"அசலை ரிட்டயர்மென்ட் பணத்தில் நான்தானே அடைத்தேன், அவள் கட்டியது வெறும் வட்டி" என்கிறார் தகப்பனார். 30 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு வாங்கினால் தவணை ஏறக்குறைய 27,000. முதல் மாதம் அதில் 22,500 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது நாலாயிரத்துச் சொச்சம்தான். ஆரம்ப வருஷங்களில் கட்டுகிறவர் யாரானாலும் தவணையில் பெரும்பகுதி வட்டிக்குத்தான் போகும். அதைக் கட்டாமல் விட்டிருந்தால் அடைப்பதற்கு வீடு மிஞ்சியிருக்குமா?

சட்டமும் அவளுக்குத் துணை வராது. 2005இல் நாடு முழுவதும் இந்துக் குடும்பத்து மகளுக்குக் கிடைத்த சமபங்கு பூர்வீகச் சொத்துக்குத்தான். தகப்பனின் சுயசம்பாத்தியத்தை அவர் யாருக்கும் எழுதலாம். பத்திரத்தில் பேர் இல்லாததால் கட்டிய வட்டிக்கு வருமான வரிச் சலுகைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

பெற்றவர்கள் கஷ்டப்படும்போது பிள்ளைகள் கைகொடுப்பது நல்ல விஷயம். வாங்கிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் மகளைக் கடனுக்கு மட்டும் கூட்டாளியாக்கிக் கையெழுத்து வாங்காதீர்கள்; கிரயப் பத்திரத்திலும் அவள் பேரைச் சேருங்கள். ஏற்கெனவே வாங்கிய வீடு என்றால் அவள் பங்கை உயிலாகவோ செட்டில்மென்டாகவோ எழுதிப் பதிவு செய்யுங்கள். "அவதான் கல்யாணமாகிப் போயிட்டாளே" என்று சொல்லாதீர்கள். போன பிறகும் அவள் பணம் வந்துகொண்டுதானே இருந்தது?

இன்றைக்கே உங்கள் மகளின் பாஸ்புக்கை எடுத்து அவள் கட்டியதைக் கூட்டிப் பாருங்கள். கூட்டும்போது மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.