ரோலரால் பூசிய வேன்: பளபளப்பு என்னும் அளவுகோல் குறித்து

பழைய கேம்பர் வேன் வைத்திருப்போரிடையே, குறிப்பாகப் பிரிட்டனில், முடிவுறாத வழக்கு ஒன்று உண்டு. வெயிலிலும் மழையிலும் வண்ணம் வெளிறிய வேனைப் பெயிண்டிங் பட்டறையில் விட்டு ஸ்ப்ரே அடிப்பதா, வீட்டு வாசலில் நிறுத்திச் சிறிய நுரை ரோலரால் தாமே பூசிக்கொள்வதா என்பதே அது. சுவருக்கும் வேலிக்கும் அடிப்பதை வண்டிக்கு அடித்த கூத்து என்று ஸ்ப்ரே கட்சியினர் நகைப்பர். பட்டறைக் கூலி கட்டுபடியாகவில்லை என்று ரோலர் கட்சியினர் பதிலளிப்பர். பிழை இந்தப் பதிலில்தான் தொடங்குகிறது. பணமின்மையைக் காட்டி மன்னிப்புக் கோரும்போதே, பட்டறையின் பளபளப்புத்தான் உயர்ந்த அளவுகோல் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. வீட்டில் வைத்துப் பூசப்படும் பழைய வேனுக்கு ரோலரே பொருத்தமான கருவி. அதற்கு மன்னிப்பு எதுவும் தேவையில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

கேம்பர் வேன் என்பது படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி ஆகியவற்றை உள்ளடக்கிய நடமாடும் சிறு வீடு. இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்ட ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனின் உற்பத்தி 1950இல் ஜெர்மனியில் தொடங்கியது. பிரேசிலில் 2013 இறுதிவரை அது தொடர்ந்தது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் இவ்வகை வேன்களில் பல அரைநூற்றாண்டைக் கடந்தவை. கூரையோரத்து நீர்க்கால், சக்கர வளைவு, கண்ணாடி ரப்பரின் கீழ்மூலை, பேட்டரி அமரும் தட்டு ஆகிய இடங்களில் நீர் தங்கித் துரு பிடிக்கும். அத்தகைய வண்டிக்கு வண்ணம் பூசுவது அலங்காரத்துக்காக மட்டும் செய்யும் வேலையன்று. இரும்புக்கும் ஈரக்காற்றுக்கும் இடையே நிற்கும் ஒரே அரண் அந்தப் பூச்சுத்தான்.

கண்ணாடிபோல முகம் காட்டும் பரப்பே வண்டிக்கு அழகு என்ற எண்ணத்துக்கும், அதை ஸ்ப்ரே கன்னால் மட்டுமே அடைய வேண்டும் என்ற விதிக்கும் ஒரு வரலாறு உண்டு. குதிரை வண்டிகளுக்கும் தொடக்ககாலக் கார்களுக்கும் வண்ணம் தூரிகையால்தான் பூசப்பட்டது. எண்ணெய் வார்னிஷைப் பல கோட் அடித்து, ஒவ்வொன்றையும் உலரவிட்டுத் தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது. அந்தப் பரப்பின் ஒளி இன்றைய பட்டறை வேலைக்கு எவ்வகையிலும் குறைந்ததாக இருக்கவில்லை. தொழிற்சாலைக்கு வேண்டாததாக இருந்தது அதன் அழகன்று, அது கேட்ட காலம். சங்கிலித்தொடர் உற்பத்தியில் வண்டிகள் நிமிடக்கணக்கில் வெளிவரத் தொடங்கியபோது, வண்ணம் உலரக் காத்துக்கிடக்கும் வண்டிகளுக்கு இடம் போதவில்லை. ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கருப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் உற்பத்திக் கணக்குத்தான்.

1920களின் முற்பகுதியில் டூபாண்ட் நிறுவனத்தின் டூகோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஏறியது. கரைப்பான் ஆவியானதும் உலர்ந்துவிடும் பொருள் அது. தூரிகைத் தடம் தானே சமன்பட நேரம் கிடைக்கும் முன்பே இறுகிவிடுவதால், அதைப் பெரிய பரப்பில் தூரிகையால் பூசுவது கடினம். ஆகவே துளியாகச் சிதறடிக்கும் ஸ்ப்ரே கன் இன்றியமையாததாயிற்று. இந்திய நகரங்களில் இரும்பு பீரோவுக்கோ மரச்சாமானுக்கோ ஸ்ப்ரே அடிப்பதை இன்றும் ‘டூகோ பெயிண்ட்’ என்று சொல்வோர் உண்டு. ஒரு தொழிற்சாலையின் அவசரம் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அப்பெயரில் வாழ்கிறது. ஸ்ப்ரே கன் நேரம் இல்லாதவர்களுக்கு வாய்த்த கருவி. வீட்டு வாசலில் நிற்கும் வேனின் உரிமையாளரிடமோ நேரம்தான் மிகுதியாக இருக்கிறது. கம்ப்ரஸரும் தூசி புகாத பெயிண்ட் பூத்தும்தான் இல்லை. தன்னிடம் இருப்பதை விடுத்து இல்லாததைக் கோரும் கருவியை அவர் ஏன் உயர்ந்ததாகக் கொள்ள வேண்டும்?

ரோலருக்கு உகந்தது எனாமல். அதன் கரைப்பான் ஆவியான பிறகும், காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து அது மெல்ல இறுகுகிறது. இந்த மெதுவான போக்கே இங்கு நன்மையாகிறது. ரோலர் விட்டுச்சென்ற குமிழும் புள்ளியும் தாமே தாழ்ந்து சமன்பட அவகாசம் கிடைக்கிறது. நெருக்கமான நுரையாலான நான்கு அங்குல ரோலர், டர்பன்டைன் சேர்த்துச் சற்றே இளக்கிய எனாமல், மெல்லிய கோட் ஆகியவையே இதன் அடிப்படை. கெட்டியாக ஒரே கோட்டில் மூடிவிட நினைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டு, பரப்பு சுருங்கும். முதல் கோட்டுக்குப் பிறகு வண்டி திட்டுத்திட்டாக, பார்க்கவே மனம் சோரும்படி இருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு, உலரவிட்டு, வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து, அடுத்த கோட்டைப் பூச வேண்டும். ஐந்தாறு கோட்டுக்குப் பிறகு முழுமையாக இறுகவிட்டு, இன்னும் நுண்ணிய தாளால் தேய்த்து மெருகேற்றினால் கிடைக்கும் ஒளி, ஏளனம் செய்தோரை அருகில் வந்து தொட்டுப் பார்க்கச் செய்யும்.

இம்முறை வேன்காரர்களின் கண்டுபிடிப்பும் அன்று. படகுக்காரர்கள் இதை நெடுநாளாகக் கையாள்கின்றனர். ஒருவர் ரோலரால் பூசிக்கொண்டே செல்ல, மற்றொருவர் உலர் தூரிகையின் நுனியால் மெல்ல வருடிக் குமிழ்களை உடைத்துக்கொண்டே பின்தொடர்வார். கடல்நீரில் கிடக்கும் படகின் உடலுக்குத் தகும் பூச்சு, சாலையில் ஓடும் வேனுக்குத் தகாது என்று சொல்ல வலுவான காரணம் வேண்டும்.

மேலும், பூச்சின் ஆயுளைத் தீர்மானிப்பதில் கடைசிக் கோட்டைவிட அதற்கு முந்தைய வேலைக்கே பங்கு அதிகம். துருவை இரும்பு தெரியும்வரை சுரண்டுதல், ஓட்டை விழுந்த இடத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தல், பட்டி பார்த்தல், எண்ணெய்ப் பசையையும் மெழுகையும் துடைத்தல், பிரைமர் அடித்தல் என அது நீளும். பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பிரைமரால் மூடாமல் மழையில் விட்டால் அடியில் துரு மீண்டும் பிறக்கும். இவ்வேலைகள் ஸ்ப்ரேக்கும் ரோலருக்கும் பொது. இவற்றை ஒழுங்காகச் செய்து ரோலரால் பூசிய வேன், இவற்றைத் தவிர்த்துவிட்டுப் பளபளவென ஸ்ப்ரே அடித்த வேனைவிட நெடுநாள் உழைக்கும். ஆனால் சந்தையில் கண்ணில் படுவது பின்னதன் மினுமினுப்புத்தான்.

உடல்நலம் குறித்த வாதம் இவற்றைவிட வலுவானது. இன்றைய கார்ப் பட்டறைகளில் பரவலாகப் புழங்கும் இருகலவைப் பாலியூரித்தேன் பூச்சின் இறுக்கியில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. அவற்றின் நுண்துளிகளைச் சுவாசிப்போருக்குத் தொழில்வழி ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச்சிறிய அளவே மூச்சுத்திணறலைத் தூண்டப் போதும். வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி தரும் முகமூடியுடன், காற்று வெளியேற்றும் பூத்துக்குள் அடிக்க வேண்டிய பொருள் இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டைஐசோசயனேட் 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களைத் தொழில்முறையில் கையாள்வோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2023 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய பொருளைத் துணிமுகமூடி கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்தில் தெளிப்பவர் தம் நுரையீரலை மட்டுமல்லாது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலையும் பணயம் வைக்கிறார். இருகலவைப் பூச்சைத் தவிர்த்து எனாமலை ரோலரால் பூசும்போது ஐசோசயனேட்டும் இல்லை, தெளிமூட்டமும் இல்லை. கரைப்பான் ஆவி அப்போதும் உண்டாதலால் காற்றோட்டமும் கையுறையும் தேவைதான். ஆனால் அது வீட்டில் சமாளிக்கத்தக்க அளவிலான இடர்.

பழைய பூச்சைத் தேய்ப்பதில் உள்ள ஆபத்தை ரோலர் நீக்கிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய வண்டிகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலர்நிலையில் தேய்த்தால் அது தூசியாகக் காற்றில் கலக்கும். இந்தியாவில் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும், அது வீட்டு, அலங்காரப் பூச்சுகளுக்கே உரியது. எனவே நீர் விட்டுத் தேய்ப்பதும், கழிவுச் சேற்றைச் செடிகொடிகள் மீது ஊற்றாதிருப்பதும், குழந்தைகளை அப்பால் வைப்பதும் கட்டாயம்.

எதிர்வாதங்களில் நியாயமானவை உண்டு. எனாமல், இருகலவைப் பூச்சைவிட மென்மையானது. விரைவில் மங்கும், எளிதில் கீறும். தேய்க்காமல் விட்ட பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் இருக்கும். விற்கும்போது விலை குறையும். அரிய மாதிரியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவிலேயே காக்க விரும்பும் சேகரிப்பாளருக்கோ அருங்காட்சியகத்துக்கோ ரோலர் உதவாது. இவை மறுக்கத்தக்கவை அல்ல. ஆனால் இவற்றுள் பல, வண்டியை விற்பனைச் சரக்காகவோ காட்சிப்பொருளாகவோ கருதுவோரின் கவலைகள். வெளியே எடுத்துச்சென்று, மரநிழலில் நிறுத்தி, சமைத்து, உறங்கி, சேற்றோடு வீடு திரும்பும் ஒருவரின் கவலை வேறு. கிளை உரசி ஒரு கீறல் விழுந்தால் என்ன செய்வது என்பதே அவருடைய கேள்வி.

அக்கேள்விக்கு ரோலர் தரும் விடையில்தான் அதன் தலையாய சிறப்பு இருக்கிறது. பட்டறைப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால், நிறம் பொருத்திக் கதவு முழுவதையும் மீண்டும் ஸ்ப்ரே அடிக்க நேரலாம். அதுவரை அந்தக் கீறலில் துரு காத்திருக்காது. ரோலர் பூச்சின் உரிமையாளர் அலமாரியில் எஞ்சியிருக்கும் டப்பாவைத் திறந்து, அன்று மாலையே அந்த இடத்தைத் தேய்த்துப் பூசிவிடுவார். திட்டு சற்றே வேறுபட்டுத் தெரியலாம்; இரும்பு காக்கப்பட்டுவிடும். முன்னது குறையற்ற நிலையைத் தந்து அதைக் காக்கும் திறனை உரிமையாளரிடமிருந்து பறிக்கிறது. பின்னது சிறு குறையோடு அத்திறனை அவர் கையில் விட்டுச்செல்கிறது. நெடுங்கால நோக்கில் ஒரு பொருளை உயிரோடு வைத்திருப்பது இரண்டாவதுதான்.

இந்தியாவுக்கு இது புதிய செய்தியாக இருக்க வேண்டியதில்லை. நாமக்கல்லில் உடல் கட்டப்படும் லாரிகள்மீது தூரிகையும் எனாமலும் கொண்டு கையால் எழுதும் கலைஞர்கள் தலைமுறைகளாக வேலை செய்துவந்திருக்கின்றனர். அந்தப் பரப்பை யாரும் கண்ணாடியோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதில்லை. அதே சமூகத்தில், பழைய வேனை வாங்கிப் பயண வீடாக மாற்றும் இளைஞர்களிடம் கார் விளம்பரத்தின் பளபளப்பே இலக்காக நிற்பது முரண். அவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய சட்டக் கட்டுப்பாடுகளும் சில உண்டு. நிறத்தை மாற்றினால் அதைப் பதிவுச் சான்றிதழில் ஏற்றச் செய்ய வேண்டும். ராணுவத்துக்கு உரிய ஆலிவ் பச்சையை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் ஏனையோருக்கு அனுமதிப்பதில்லை. இவற்றுக்குள் நின்று, எதைக் கொண்டு எப்படிப் பூசுவது என்பது உரிமையாளரின் அறிவுக்கு விடப்பட்ட முடிவு.

கல்விப்புலத்தோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. தொழில்நுட்ப வரலாறு புதுக் கண்டுபிடிப்புகளையே பின்தொடர்கிறது. பயன்பாட்டையும் பராமரிப்பையும் போதிய அளவு கவனிப்பதில்லை என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளிவந்த ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில் வாதிட்டார். ஸ்ப்ரே கன் எவ்வாறு தூரிகையை வென்றது என்று எழுதப்படும் வரலாறு எளிதில் கிடைக்கும். ஒரு கோட் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், ஈரப்பதம் மிகுந்த நாளில் ஏன் பூசக்கூடாது, தேய்க்கும்போது எந்த ஒலி வந்தால் தாளை மாற்ற வேண்டும் என்பன போன்ற அறிவு, அதைக் கையில் வைத்திருப்போரோடு மறைந்துவிடுகிறது. அவ்வறிவைத் தரக்குறைவானதாக எண்ணும் பழக்கம் பட்டறைப் பளபளப்பை வழிபடும் பழக்கத்தின் உடன்பிறப்பு. முடிவுற்ற பரப்பை மட்டும் பார்ப்பவருக்கு உழைப்பின் தடம் குறையாகத் தெரியும்.

ரோலரால் பூசிய வேனின் பக்கவாட்டில் மாலை வெயில் சாய்ந்து விழும்போது மெல்லிய அலைகள் தெரியும். அவற்றைப் பிழை என்று சுட்டுவோர் இருப்பார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்த வேனுக்கு என்ன தேவை என்பதை அறிந்த ஒருவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார் என்பதற்கும் அந்த அலைகள்தாம் சான்று.