மருத்துவம் விட்டதைக் கடற்படையும் விடட்டும்

புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் எலும்பு ஸ்கேனுக்கு வருபவருக்கு முதலில் டெக்னீசியம் ஊசி போடுவார்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். அந்த டெக்னீசியம் பிறப்பது மாலிப்டினம்-99 என்ற ஐசோடோப்பிலிருந்து. உலகத் தேவையின் பெரும்பங்கு மாலிப்டினத்தை நெடுங்காலம் அணுகுண்டுக்கே உதவும் உயர்செறிவு யுரேனியத்தைக் கொண்டுதான் தயாரித்தார்கள். அது தவறான கைக்குப் போய்விடுமே என்ற அச்சத்தில் தென்னாப்பிரிக்கா, நெதர்லாந்து, பெல்ஜியம் நாட்டு ஆலைகள் 20 விழுக்காட்டுக்கும் குறைந்த செறிவுக்கு மாறின. செலவு கூடியது, கழிவும் கூடியது. ஆனாலும் மாறினார்கள்.

உயிர் காக்கும் தொழில் ஏற்ற கட்டுப்பாட்டைக் கடற்படைகள் ஏற்க மறுப்பது அறமாகாது. அமெரிக்க, பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்டிய யுரேனியத்தில் ஓடுகின்றன. அவ்விரு நாடுகளும் ஆஸ்திரேலியாவும் 2021-இல் அறிவித்த ஆக்கஸ் உடன்பாட்டின் வழியே, அணு ஆயுதமே இல்லாத ஆஸ்திரேலியாவுக்கும் அந்த எரிபொருள் போகப்போகிறது. யுரேனியம் செறிவூட்டும் ஈரானுக்கு ஒரு நியாயம், நண்பனுக்கு ஒரு நியாயம்!

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். அரிஹந்த் நீர்மூழ்கிக்கான 83 மெகாவாட் உலையின் முன்மாதிரி அங்கேதான் வளர்ந்தது. அதன் எரிபொருளை மைசூர் அருகே ரட்டேஹள்ளியில் செறிவூட்டுகிறார்கள். செறிவு 40 விழுக்காடு அளவில் இருக்கலாம் என்பது வெளி வல்லுநர்களின் கணிப்பு. அரசு வாய் திறப்பதில்லை.

குறைசெறிவில் போர்க்கப்பல் ஓடாது என்ற வாதம் எடுபடாது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய புதுச்சேரியின் சொல்தா குடும்பங்கள் ஜூலை 14 அன்று கொடிவணக்கம் செய்யும் அதே பிரான்சின் சார்ல் த கோல் விமானந்தாங்கிக் கப்பல் குறைசெறிவு எரிபொருளில்தான் ஓடுகிறது. புதிய சுஃப்ரன் ரக நீர்மூழ்கிகளுக்கு மின் நிலைய யுரேனியத்தின் செறிவே போதுகிறது. பிரான்சு ஒன்றும் உத்தமன் இல்லை, 1996 வரை பசிபிக் தீவுகளில் குண்டு வெடித்துப் பார்த்த நாடுதான். கையிலுள்ள மின் நிலையத் தொழிலோடு ஒட்டிப் போனால் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டது. கணக்கு அறத்தின் பக்கம் விழுந்தது.

இதற்கு விலை உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா ரகத்துக்கு ஆயுள் முழுவதும் எரிபொருள் மாற்ற வேண்டியதில்லை. சுஃப்ரனுக்கோ ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மாற்றி முடிக்கும்வரை கப்பல் துறைமுகத்தில் கிடக்கும். அந்த நாட்களின் இழப்பை ஏற்கத்தான் வேண்டும். டிராம்பேயில் உயர்செறிவு எரிபொருளில் ஓடிய அப்சரா ஆராய்ச்சி உலையை மூடிவிட்டு, 2018-இல் குறைசெறிவில் அப்சரா-யு உலையை இயக்கிக் காட்டியவர்கள் நம் விஞ்ஞானிகளே. ஆகவே இயலாமை ஒரு சாக்கு ஆகாது.

இரண்டு அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கிகளுக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு ஒப்புதல் தந்ததாகச் செய்தி வந்தது. அவற்றின் உலையை 20 விழுக்காட்டுக்குக் கீழான எரிபொருளுக்கே வடிவமைக்க வேண்டும், அதை நாடாளுமன்றத்தில் அறிவிக்கவும் வேண்டும். குறைசெறிவு உலைக்கு இடம் கூடுதலாக வேண்டும், எரிபொருள் மாற்ற மேலே பெரிய திறப்பும் வேண்டும். கப்பலின் உடல் உருவான பிறகு இரண்டையும் சேர்க்க முடியாது.