மாசி மகத்தன்று ஆப்சென்ட்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

மாசி மகம் முடிந்த மறுநாள் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். மாமல்லபுரம் கடற்கரை முழுக்கப் பழைய புடவைகளால் கட்டிய சின்னச் சின்னக் குடில்கள். "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம், கால் வைக்க இடமில்லை. இவங்களை எல்லாம் யார் உள்ளே விட்டது?" என்று கீழே எழுதியிருந்தார். நாலைந்து பேர் அதற்குக் கட்டைவிரலும் காட்டியிருந்தார்கள்.

கோபமாகப் பதில் எழுத ஆரம்பித்தேன். பிறகு அழித்துவிட்டேன். வேலையில் இருந்த காலத்தில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். அதைச் சொல்லாமல் அவருக்குப் புத்தி சொல்வது நியாயமில்லை.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அப்போது ஒன்பதாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பையன் ஒருவன் மாசி மாதத்தில் நான்கு நாள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் வரிசையாக ஆப்சென்ட் போட்டேன். ஐந்தாம் நாள் அப்பாவோடு வந்து நின்றான். எல்லோர் முன்னாலும், "திருவிழா முக்கியமா, படிப்பு முக்கியமா?" என்று கேட்டேன். அவன் தலை குனிந்தான். அப்பாதான் பதில் சொன்னார்: "அக்கா பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம் சார். இவன்தானே தாய்மாமன்? இவன் மடியில்தானே உட்கார வைக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. அதே மாதம் என் தங்கை மகனுக்குத் திருப்போரூரில் காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் இரண்டு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் வந்திருந்தேன். எனக்கு விடுப்பு, அவனுக்கு ஆப்சென்ட். முறை ஒன்று, மடி ஒன்று, ஏட்டில் மட்டும் இரண்டு.

அடுத்த ஆண்டு மாசி மகத்துக்கு நானே மாமல்லபுரம் போனேன். பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சு, பாத்திரம், அரிசி, விறகு என்று எல்லாவற்றோடும் முன்கூட்டியே வந்து சேர்கிறார்கள். நாலு கழி நட்டு, புடவையைச் சுற்றினால் வீடு. அவர்களுடைய குலதெய்வம் கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாளாம்; அவளைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைப்பதற்குத்தான் இந்தப் பயணம். விடியற்காலையில் ஒவ்வொரு குடும்பமும் தண்ணீர் ஓரத்தில் ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டுகிறது. பாட்டி தட்டிச் சமன் செய்ய, பேரன் மணல் அள்ளிக் கொடுக்க, மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய் வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்கேயே பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, தாலி கட்டுவது, குழந்தைக்குப் பெயர் வைப்பது, மொட்டை போடுவது எல்லாம் நடக்கின்றன. வேலை தேடிப் பல ஊருக்குப் பிரிந்து போன சொந்தங்கள் ஒன்றாகச் சேரும் நாள் அது.

பக்கத்திலேயே ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயில். ஆயிரத்து முந்நூறு ஆண்டாக நிற்கிறது. 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்க்கச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறோம். இவர்கள் கட்டும் மணல் கோயில் அன்றைக்கே கரைந்துவிடும். ஆனாலும் அடுத்த மாசியில் அதே குடும்பம் மறுபடி கட்டுகிறது. பிள்ளைக்குக் கட்டத் தெரிந்திருக்கிறதே, அதுதான் அவர்கள் விட்டுப் போகும் சொத்து.

இவர்கள் யார் என்று கேட்ட உறவினருக்கு ஒரு செய்தி. நம் வயலில் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைத்தவர்கள் நம் வீட்டிலேயே உண்டு. இந்தியாவில் அந்த மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பங்கு வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978-ல் தொடங்கிய சங்கம். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். நம் மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடா வரை போய் வந்தவர்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இவர்களை உள்ளே விட்டது யார் என்று கேட்க நமக்கு என்ன தகுதி?

அதற்காக அங்கே நடப்பதெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். நன்றாகப் படித்த ஒரு மாணவி, மாசி மகம் முடிந்து பள்ளிக்குத் திரும்பவே இல்லை. கடற்கரையில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மணலில் நடந்தாலும் மண்டபத்தில் நடந்தாலும் அதற்கு முன் நடப்பது தவறுதான். கன்னியம்மா இன்னும் இரண்டு மாசி காத்திருப்பாள். பத்தாம் வகுப்பு காத்திருக்காது. ஆனால் இதை யார் போய்ச் சொல்வது? திருவிழாவுக்குப் போனதற்காகவே பையனைத் திட்டிய வாத்தியார் சொன்னால் கேட்பார்களா? அவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் சொன்னால்தான் காதில் ஏறும். நான் அந்த மாணவியின் வீட்டுக்கு அதற்கு முன் ஒரு முறைகூடப் போனதில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு. மாசி மகம் எந்த நாளில் வருகிறது என்று ஜூன் மாதமே காலண்டரில் பார்த்து வையுங்கள். 2025-ல் அது மார்ச் 12. அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடந்துகொண்டிருந்தது. தேர்வுக்கு வர வேண்டிய பிள்ளைக்கு என்ன ஏற்பாடு, யார் கூட்டி வருவது என்று பெற்றோரிடம் முன்னரே பேசினால் தேர்வும் தவறாது, திருவிழாவும் தவறாது. மற்ற வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளுக்கு விடுப்பு கொடுங்கள். திரும்பி வந்ததும், "என்ன நடந்தது, சொல்லு" என்று வகுப்பில் பேச விடுங்கள்.

இரண்டாவது, அரசு வேலையில் இருப்பவர்களுக்கு. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்காகக் கூலியை விட்டுவிட்டு அலைந்து அலைந்தே பலர் படிப்பை விட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அத்தனை குடும்பமும் பெரியவர்களோடு ஒரே கரையில் கூடுகிறது. மேசை போட்டு உட்கார அதைவிட நல்ல இடம் ஏது? குடிதண்ணீர், கழிப்பறை, விளக்கு, ஒரு மருத்துவர். இவற்றை ஆண்டுதோறும் கேட்காமலே செய்ய வேண்டும்.

மூன்றாவது, நமக்கு. நம் வீட்டுக் காதுகுத்துக்கு இப்போது மண்டபம், டிரோன், பேனர். கடனை அடைக்க மூன்று வருஷம். வந்த சொந்தம் பந்தி முடிந்ததும் மொய் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. மூன்று நாள் சேர்ந்து தங்கி, சேர்ந்து சமைத்து, பேரப்பிள்ளை கையால் சாமிக்கு ஒரு படி கட்டவைத்த விசேஷம் நம் குடும்பத்தில் கடைசியாக எப்போது நடந்தது? யோசித்துப் பார்த்தேன், எனக்கு நினைவில்லை.

படம் போட்ட தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த மாசி மகத்துக்கு என்னோடு வா. பிள்ளைகளையும் கூட்டி வா. தூரத்தில் நின்று படம் எடுக்க வேண்டாம். அனுமதி கேட்டு, பக்கத்தில் உட்காருவோம்.

அந்தத் தாய்மாமனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். இந்தப் பதிவு அவன் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை: அந்த நான்கு நாள் ஆப்சென்ட் என் தவறு, தம்பி.

அன்புடன்,
உங்கள் சார்