முதலில் நிற்கக் கற்றுக் கொடுங்கள்

ஆண்டு விழா மேடையில் திரை விலகுகிறது. வண்ண விளக்குகள், சலங்கை ஒலி, பட்டுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம்! பெற்றோர் கை தட்டுகிறார்கள். அருட்சகோதரியரின் முகம் மலர்கிறது. ஆனால் மேடையில் ஆடும் எங்கள் கண்கள் எங்கே இருக்கின்றன என்று யாரேனும் கவனித்ததுண்டா? பக்கத் திரைக்குப் பின்னால்! அங்கேதான் நடனம் சொல்லிக் கொடுத்த அக்கா நின்று கையை இப்படி, காலை அப்படி என்று சைகை காட்டுவார். அவர் ஒரு நிமிடம் தண்ணீர் குடிக்கப் போய்விட்டால் எங்கள் பாடு அவ்வளவுதான்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒத்திகை தொடங்கும். பாட்டைப் போடுவார்கள். அக்கா முன்னால் நின்று ஆடுவார், நாங்கள் பின்னால் நின்று பார்த்துச் செய்வோம். பொருள் தெரியாமல் செய்யுளை ஒப்பிப்பது போலத்தான் இதுவும். ஓரடி மறந்தால் அடுத்த அடி வராது. இதை நடனம் கற்பது என்று எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பன்னிரண்டு பேர் ஆடினோம். ஓரிடத்தில் வலக்காலை ஊன்றி, இடக்காலை உயர்த்தி, எட்டு எண்ணிக்கை அசையாமல் நிற்க வேண்டும். மூன்றாவது எண்ணிக்கையிலேயே எங்களில் ஒருத்தி தள்ளாடிக் காலைக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்றவள் அவளைப் பார்த்தாள், அவளும் வைத்தாள். கொட்டகையில் ஒரு சைக்கிள் சாய்ந்தால் வரிசையே சாயுமே, அப்படி ஆயிற்று. அரங்கம் சிரித்தது. இந்த ஆண்டு நடனப் பட்டியலில் முதலில் தள்ளாடியவளின் பெயர் இல்லை. "அவளுக்குப் பேலன்ஸ் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பேலன்ஸ் என்பது பிறக்கும்போதே சிலருக்கு வாய்த்து, சிலருக்கு வாய்க்காமல் போகும் மச்சமா என்ன?

ஒரு நாள் மதிய இடைவேளையில் வகுப்பில் சோதித்துப் பார்த்தோம். கண்ணைத் திறந்துகொண்டு ஒற்றைக் காலில் நின்றபோது பெரும்பாலோர் இருபது எண்ணும் வரை தாக்குப் பிடித்தார்கள். கண்ணை மூடச் சொன்னோம். ஐந்து எண்ணுவதற்குள் பாதிப் பேர் பெஞ்சைப் பிடித்துக் கொண்டார்கள், வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவள் உட்பட! அறிவியல் ஆசிரியையிடம் காரணம் கேட்டோம். உடல் விழாமல் நிற்பதற்குக் கண், உட்செவி, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்ச்சி ஆகிய மூன்றும் ஓயாமல் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றனவாம். உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவற்றிலுள்ள திரவம் அதை உணர்த்துகிறது. கண்ணை மூடினால் ஒரு துணை போய்விடுகிறது. மற்ற இரண்டையும் பழக்கினால் அவை ஈடுகொடுக்கும். கவனியுங்கள், பழக்கினால்!

ஒற்றைக் காலில் நிற்பதில் சூத்திரமும் இருக்கிறது. நம் ஈர்ப்பு மையத்திலிருந்து விடும் நேர்கோடு ஊன்றிய பாதத்துக்குள் விழ வேண்டும், வெளியே விழுந்தால் நாமும் விழுவோம். எதிரே அசையாத ஒரு பொருளின் மேல் பார்வையை நிறுத்த வேண்டும். (பக்கத்தில் தள்ளாடுபவளின் மேல் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதைத்தான் மேலே எழுதிவிட்டோமே!) பரதநாட்டியத்தின் அரைமண்டியைப் பாருங்கள். முழங்கால்களை மடித்துப் பக்கவாட்டில் விரித்து, முதுகை நிமிர்த்தி அமரும்போது உடலின் பாரம் தாழ்ந்து நிலை உறுதிப்படுகிறது. முறையாகக் கற்பவர்கள் எடுத்தவுடன் பாட்டுக்கு ஆடுவதில்லை. அரைமண்டியில் நின்று தட்டடவை மூன்று காலங்களிலும் தட்டிப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையிலிருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர் இப்பயிற்சியை முறைப்படுத்தினார்கள். எங்களுக்கோ மூன்றே வாரம்!

நிற்க. நிற்கக் கற்ற பிறகு வேண்டியது நடனத்தை அமைக்கும் அறிவு. எப்போது எல்லாரும் சேர்ந்து ஆடுவது, எப்போது ஒருவர் பின் ஒருவராகத் தொடர்வது, யார் உட்கார யார் எழுவது, வட்டமா கோணமா, எந்த இடத்தில் அசையாமல் நின்றால் அழகு என்பவையே அதன் அரிச்சுவடி. வரிசை அமைப்பதென்றால் சிவப்பாக இருப்பவளை முன்னால் நிறுத்துவது என்று சிலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. பின்வரிசையில் நிற்பவர்களுக்குப் புரியும்.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. பின்னல் கோலாட்டத்தில் மேலே கட்டிய கயிறுகளின் நுனியை ஒவ்வொருவரும் ஒரு கையில் பிடித்துக் கொண்டு, மறு கையில் கோலுடன் உள்ளும் புறமுமாக வளைந்து ஆட ஆட, கயிறுகள் சடையாகப் பின்னிக் கொள்ளும். பிறகு வந்த வழியே திரும்பி ஆடினால் சடை அவிழும். ஒருத்தி தப்பினால் முடிச்சு! ஒவ்வொருத்தியும் தன் அடியை மட்டுமன்றி எல்லாருடைய வழியையும் அறிந்திருந்தால்தான் அது நடக்கும். பள்ளிக்கூடம் காணாத பாட்டிமார்கள் அறிந்தது, பத்து வருடம் பள்ளியில் படித்த எங்களுக்குத் தெரியவில்லையே! 1936-இல் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி, 1944-இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அமைத்து மேடையேற்றினார். ஆடுவதோடு நில்லாமல் அமைக்கவும் அறிந்த பெண் அவர்.

"பத்தாம் வகுப்பில் அரசுத் தேர்வு இருக்கும்போது ஆட்டம் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று அப்பா கேட்பார், அம்மா அதற்கு மேல் கேட்பார். நியாயமே. எங்களுக்காக நாங்கள் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு ஒரு பாடவேளை தங்கைமாருக்குக் கொடுங்கள் என்கிறோம். தனியாக ஆள் தேட வேண்டியதும் இல்லை. விளையாட்டு விழா அணிவகுப்பில் நானூறு பேரைத் தாளம் தப்பாமல் நடத்திக் காட்டும் உடற்பயிற்சி ஆசிரியைக்கு இதில் பாதி முன்பே தெரியும்.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கு நடனம் ஏற்றதா என்று தயங்குவோரும் உண்டு. தாவீது அரசர் ஆண்டவரின் பேழைக்கு முன் தம் முழு வலிமையோடு நடனமாடினார் என்று விவிலியம் கூறுகிறது. சன்னல் வழியே பார்த்து அவரை இகழ்ந்த மீக்காலைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்ல வரவில்லை. திருச்சியில் கத்தோலிக்கக் குரு ஒருவர் 1977-இல் தொடங்கிய கலைக்காவிரியில் பரதம் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது.

பட்டியலில் பெயர் இல்லாத எங்கள் தோழி சும்மா இருக்கவில்லை. மதிய உணவு முடிந்ததும் வராந்தாவின் கோடியில், சுவரிலுள்ள ஆணி ஒன்றைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நின்று பழகுகிறாள். நாங்கள் சுற்றி நின்று எண்ணுகிறோம். முதல் வாரம் ஏழு. இந்தக் கட்டுரையைக் கொடுக்கும் இன்று நாற்பத்தொன்று, வலக்காலில். இடக்காலில் இன்னும் முப்பதைத் தாண்டவில்லை.