குளிசை கிடைக்குது, கடிதம் ஆருடைய கையில்?



2024 ஜூலை 1 தொடக்கம் சுவிஸில் பிரெப் குளிசைக்கான செலவை அடிப்படை மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. எச்.ஐ.வி. இல்லாதவர், தொற்று வராமல் முன்கூட்டியே எடுக்கும் மருந்து இது. தொற்று ஆபத்துக் கூடியவர்களுக்கு, ஸ்விஸ்பிரெப்பேர்ட் திட்டத்தில் சேர்ந்துள்ள வைத்தியர்கள் எழுதிக் கொடுப்பார்கள். ஒழுங்காக எடுத்தால் உடலுறவால் எச்.ஐ.வி. தொற்றுவதைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுக்கும். சிபிலிஸையும் கொனோரியாவையும் தடுக்காது. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருக்காப் பரிசோதனையும் சேர்ந்து வருகிறது.

இதை ஒருத்தரும் தானமாகத் தரவில்லை. 1985இல் ஒருபாலீர்ப்பு ஆண்களின் அமைப்புகள் முன்னின்று சுவிஸ் எயிட்ஸ் உதவி அமைப்பைத் தொடங்கிய நாளிலிருந்து நடந்த வேலையின் பலன் இது.

ஆனால் எங்கட பெடியளுக்கு இந்த உரிமை வீட்டுத் தபாற்பெட்டியில் வந்து நிக்குது. படிக்கிற பிள்ளையின் காப்புறுதியை அப்பா கட்டுவார். கணக்குக் கடிதமும் அவருடைய கையில்தான் போகும். மருந்தின் பெயரை இணையத்தில் தேட ஒரு நிமிசம் போதும். கட்டணத்தைக் குறைக்க 2500 பிராங்க் 'பிரான்சீஸ்' எடுத்தவர், அந்தத் தொகை முடியும்வரை குளிசைக்கும் பரிசோதனைக்கும் தன்ர காசைத்தான் கொடுக்கவேணும். உணவகத்தில் கோப்பை கழுவுற தோழருக்கு அது சின்னக் காசில்லை.

செய்யக்கூடியவை இருக்கு. 18 வயது தாண்டியவர் தன் கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லிக் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்கலாம். சூரிச், ஜெனீவா போன்ற நகரங்களில் உள்ள செக்பொயின்ற் நிலையங்களில் பெயர் சொல்லாமலே எச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாம். வைத்தியர் தமிழர், அப்பாவுக்குத் தெரிஞ்சவர் என்று பயப்பிடுகிறவர்களுக்கு: தண்டனைச் சட்டத்தின் 321ஆம் பிரிவுப்படி, நோயாளியின் இரகசியத்தை வெளியில் விட்டால் அது குற்றம்.

எங்களுக்கும் வேலை இருக்கு. மாவீரர் நாளுக்கு மண்டபம் நிறைக்கிற சமூகம், இதைப் பற்றித் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம்கூடக் கையில் கொடுப்பதில்லை. விடுதலை பற்றிப் பேசுகிற நாங்கள், பக்கத்தில் இருக்கிற தோழர் குளிசையை ஒளிச்சு விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. அடுத்த கூட்டத்தில் இதை முதல் விடயமாக வைக்கவேணும் என்று கேட்கிறேன். மொழிபெயர்க்கக் கூடியவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கோ. பெயர் போடத் தேவையில்லை.

தோழமையுடன்.