சிறிதாவது மட்டுமே வளர்ச்சியா?

நரம்பையும் தசையையும் தூண்டும் சிப்பை வடிவமைப்பது கம்பசூத்திரமல்ல, கைப்பேசிச் சிப்பின் நவீன நுட்பத்தைக் கொண்டுவந்தாலே போதும் என்று வாதிடுகிறார்கள். இந்த வாதம் உடலைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

மின்முனையும் திசுவும் சேர்ந்து 10 கிலோ ஓம் தடை தருவதாக வைத்துக்கொள்வோம். அதில் 1 மில்லி ஆம்பியர் செலுத்த 10 வோல்ட் வேண்டும். ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக இயங்கும் அதிநவீன டிரான்சிஸ்டர் அதைத் தாங்காது. உயர் மின்னழுத்தம் தாங்கும் பழைய தயாரிப்பு முறையை வடிவமைப்பாளர்கள் நாடுவது இதனால்தான்.

அடுத்தது, மின்னூட்டச் சமநிலை. எதிர்த்துடிப்பு 1 மில்லி ஆம்பியரில் 200 மைக்ரோவினாடி நீடித்தால் 200 நானோகூலும் உள்ளே போகிறது. நேர்த்துடிப்பு அதை முழுவதும் திரும்ப எடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 1 சதவீதம் பிசகினால் துடிப்புக்கு 2 நானோகூலும் தங்கும். வினாடிக்கு 50 துடிப்பு என்றால், சராசரியாக 100 நானோ ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓயாமல் கசியும். நாளடைவில் மின்முனை அரிக்கும், திசு கெடும். தடுப்பு மின்தேக்கியும், துடிப்புகளுக்கிடையே மின்முனைகளைக் குறுக்கிணைக்கும் சுவிட்சும் இதற்காகவே இடத்தை அடைக்கின்றன.

இவற்றை வீண் சுமை என்பவர்கள், எஞ்சும் மின்னூட்டத்தை எப்படி அகற்றுவார்கள் என்று முதலில் சொல்லட்டும். சில சதுர மில்லிமீட்டர் மிச்சம் பிடிக்க நோயாளியின் நரம்பைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை.