காத்திருக்க முடியாத பழம்

ஜார்ஜியாவுக்குப் போய்வந்த தமிழர்கள் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். திபிலிசியில் காலையில் வண்டி ஏறுவது, கொம்போரி மலைப்பாதை, தெலாவி ஊர், கழுத்துவரை மண்ணில் புதைந்த பானைகள், எட்டாயிரம் ஆண்டு ஒயின் மரபு, கடைசியில் ஒரு பெருமூச்சு: ‘நம்மூர்ல இப்படி ஒண்ணு இல்லையே!’ நானும் எழுதியிருக்கிறேன். அலுவலக நண்பர்களோடு ககேதி பகுதியில் கழித்த ஒரு நாளைப் பற்றி முகநூலில் நீளமாக எழுதி, அதே பெருமூச்சோடு முடித்திருந்தேன். நான் பிறந்து வளர்ந்தது சின்னமனூரில். மாமாவின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கோலி விளையாடியவன். அந்தக் கடைசி வரியை எந்த முகத்தோடு எழுதினேன் என்று இன்றும் தெரியவில்லை.

பொங்கல் கழிந்த மறுவாரம் அந்த வெட்கத்தோடு பைக்கை எடுத்தேன். ககேதியில் எப்படி ஒரு நாள் சுற்றினேனோ அப்படியே கம்பம் பள்ளத்தாக்கையும் ஒரு நாள் சுற்றிப் பார்ப்பது என்று திட்டம். உத்தமபாளையம், ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி, கம்பம், நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி. சாலையின் இருபுறமும் கல்தூண், கம்பி, அதன்மேல் கொடி. கருநீலக் கொத்துகள் தலைக்கு மேலே தொங்குகின்றன. அழகு என்றால் ககேதிக்கு ஒரு பங்கும் குறைவில்லை. மேற்கே அதே போல மலைகூட இருக்கிறது.

இங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கே கொடிக்கு உறக்கமே கிடையாது. கவாத்து செய்து ஏறக்குறைய 120 நாளில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து தேதி மாறுவதால் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்காவது பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். 2023இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடி, மண், தண்ணீர், ஆராய்ச்சி, பட்டம் எல்லாம் இருக்கிறது. அப்புறம் என்ன இல்லை?

பதில் சுருளிப்பட்டியில் மாமாவின் தோட்டத்தில் கிடைத்தது.

நான் போனபோது வியாபாரி வந்திருந்தார். பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்தார். ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டார். முந்தின வாரம் பேசிய விலையிலிருந்து கிலோவுக்கு ஏழு ரூபாய் குறைத்துச் சொன்னார். “நாசிக் சீட்லெஸ் இறங்கிருச்சுண்ணே. கேரளாக்காரய்ங்க விதை இருக்கிற பழத்தைத் தொட மாட்டேங்கிறாய்ங்க. நான் என்ன செய்ய?” மாமா ஒன்றும் பேசவில்லை. வியாபாரியும் அவசரப்படவில்லை. செல்போனைப் பார்த்தபடி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நேரம் இருந்தது. மாமாவுக்கு இல்லை. பழுத்த பன்னீரைக் கொடியில் விட்டால் உதிரும், வெடிக்கும், குளவி மொய்க்கும். வெட்டிப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்காது. கால்மணி நேரம் கழித்து மாமா தலையாட்டினார்.

“ஏன் மாமா, இன்னொரு வியாபாரியைக் கேக்கலாம்ல?”

“கேக்கலாம்ப்பா. அதுவரைக்கும் பழம் கேக்கணும்ல.”

ககேதியில் நான் பார்க்கத் தவறியது இதுதான். அங்கே வீட்டுக்குப் பின்னால் நிலத்தில் புதைத்திருக்கும் க்வெவ்ரி பானையை மரபு, கலை, ஆன்மிகம் என்று வழிகாட்டி சொன்னார். 2013இல் யுனெஸ்கோ அந்தத் தயாரிப்பு முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உள்ளே தேன்மெழுகு பூசிய பானையில் சாறு, தோல், விதை, சில ஊர்களில் காம்பு உட்பட எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறார்கள். மண்ணின் குளிர்ச்சியில் அது நொதித்து, அடங்கி, ஐந்தாறு மாதம் கிடக்கிறது. நான் அதைப் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு விவசாயியின் கண்ணால் பார்க்கவில்லை. பழத்துக்கு விலை படியவில்லை என்றால் அந்த ஊர்க்காரர் தனக்கு வேண்டியதைப் பானையில் ஊற்றி மூடிவிட்டு வியாபாரியை வழியனுப்பலாம். இரண்டு நாளில் அழுகும் சரக்கு ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று நிற்கும் சரக்காகிறது. மென்பொருளில் இதைப் ‘பஃபர்’ என்போம். வருகிற வேகமும் போகிற வேகமும் ஒத்துப்போகாத இடத்தில் நடுவே ஒரு தொட்டி வேண்டும். தொட்டி யார் கையில் இருக்கிறதோ, அவர் மூச்சுவிடலாம்.

ஒயின் மட்டும் இல்லை. சுர்ச்கேலா என்று ஒன்று சாலையோரமெல்லாம் மெழுகுவர்த்தி மாதிரித் தொங்கும். நூலில் கோத்த வாதுமைக் கொட்டைகளை, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி முக்கி உலர்த்தியது. மாதக்கணக்கில் கெடாது. மது ஒரு சொட்டும் இல்லை. அதுவும் பழத்தைக் காத்திருக்க வைக்கும் வழிதான்.

இந்தத் தொட்டி வெறும் அழகுக்காக இல்லை என்பதற்கு அவர்கள் வரலாறே சாட்சி. சோவியத் காலத்தில் பெரிய ஆலைகள் வந்து ஒயினைத் தொழிற்சாலைச் சரக்காக்கின. கிராமத்து வீடுகளில் பானை மட்டும் தப்பியது. 1985இல் கோர்பச்சேவின் மது எதிர்ப்பு இயக்கத்தில் கொடிகளையே வெட்டினார்கள். 2006இல் ருஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. ஏற்றுமதியில் பெரும்பகுதி அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. தடை நீங்க 2013 ஆயிற்று. அந்த ஏழு ஆண்டுகளில் வேறு நாடுகளில் சந்தை தேடினார்கள். தேடும்வரை கெடாமல் நிற்கும் சரக்கு கையில் இருந்தது. பன்னீர் திராட்சைக்கு ஏழு ஆண்டு வேண்டாம், ஏழு நாள் தடை வந்தால் என்ன ஆகும் என்று 2020 ஊரடங்கில் பார்த்தோம். பழம் கொடியிலேயே கிடந்தது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ககேதியிலும் அறுவடைக் காலத்தில் அரசு மானியம் கொடுத்துத் திராட்சை வாங்கவைத்த ஆண்டுகள் உண்டு. ஆனால் இங்கே அரசு கொடுத்தது என்ன? புவிசார் குறியீடு. பழத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது, நல்லது. அந்தப் பெயரால் பழத்தின் ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை.

உடனே ஒருவர் எழுவார்: “அப்ப ஒயின் ஆலை தொடங்குங்க.” தேனி மாவட்டத்தில் தனியார் ஒயின் ஆலை வராமல் இல்லை. மகாராஷ்டிரம் 2001இலேயே திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று கொள்கை வகுத்து, வரிச்சலுகை கொடுத்து, நாசிக்கை ஒயின் ஊராக்கியது. அதில் பின்பாதிக் கதையை யாரும் சொல்வதில்லை. 2008க்குப் பிறகு விற்பனை சரிந்தபோது ஆலைகள் பழம் வாங்கத் தயங்கின. ஒயினுக்கென்றே கொடி நட்டிருந்த விவசாயிகள் அதைப் பிடுங்கினார்கள். தொட்டி ஆலைக்காரர் கையில் இருந்தது. பழம் மட்டும் விவசாயி கையில். வரப்பில் உட்கார்ந்திருந்த வியாபாரிக்குப் பதில் இன்னொரு பெரிய வியாபாரி, அவ்வளவுதான். சுற்றுலாப் பயணிகள் கண்ணாடிக் கோப்பையோடு பந்தலுக்குக் கீழே படம் எடுத்துக்கொள்ளும் ‘ஒயின் டூரிசம்’ கனவிலும் மாமாவுக்கு இடம் இல்லை. படத்தின் பின்னணியில் வேண்டுமானால் நிற்கலாம்.

விவசாயி தானே செய்யலாமே? செய்தால் குற்றம். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் நொதிக்கவைக்க முடியாது. அதே சட்டத்தின் நிழலில் 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். 2023-24இல் அதன் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். குடிப்பது இங்கே பாவம் இல்லை, விற்பது பாவம் இல்லை. விளைவித்தவன் அடுத்த படி ஏறுவதுதான் பாவம். பனைக்காரருக்கும் தென்னைக்காரருக்கும் 1987இலிருந்து கள்ளுத் தடை என்றால், திராட்சைக்காரருக்கும் அதே கதை. சட்டத்துக்கு வேறுபாடு தெரியாது என்றும் சொல்ல முடியாது. தேவாலயத் திருப்பலி ஒயினுக்கென்று 1984இல் தனி விதிகளே எழுதியிருக்கிறார்கள். பூசைக்கு வகுக்க முடிந்த விதியை விவசாயிக்கு வகுக்க முடியாதா?

இதையெல்லாம் மதியச் சாப்பாட்டின்போது உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தை ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்: “இருக்கிற குடி பத்தாதாப்பா? தோட்டத்துலயும் ஊத்திக் குடுக்கணுமா?”

எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தையின் தம்பி நாற்பத்தொன்றில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தவர். ‘குவாட்டரில் 42.8 சதவீதம், ஒயினில் பன்னிரண்டு சொச்சம்’ என்ற கணக்கை அந்த வீட்டுத் திண்ணையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒயின் ஆரோக்கியம் என்ற பொய்யையும் சொல்ல மாட்டேன். சங்ககாலத் தேறலைத் துணைக்கு இழுக்கவும் மாட்டேன். அத்தையின் கேள்வி நியாயமானது.

ஆனால் அந்தக் கேள்வி என் வாதத்தை உடைக்கவில்லை, வரிசையை மாற்றியது. முதலில் வேண்டியது ஒயின் இல்லை, தொட்டி. ஊருக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கு, சாறு பிழிந்து அடைத்து வைக்கும் கூடம், அதைத் தனியாருக்குக் குத்தகை விடாமல் விவசாயிகளின் சங்கமே நடத்தும் உரிமை. பன்னீர் சாற்றின் மணத்துக்கு விளம்பரம் தேவையில்லை. அது நிலைத்தபின், சொந்தப் பழத்தில் மட்டும், அளவு கட்டி, அந்தச் சங்கமே ஒயின் செய்ய உரிமம். வேண்டாம் என்று ஒரு ஊர்ப் பெண்கள் முடிவெடுத்தால் அந்த ஊரில் வேண்டாம். சாறும் காத்திருக்கும். ஆனால் ‘மது ஒழிப்பு’ என்ற பெயரில் விவசாயிக்கு மட்டும் கதவை அடைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் அரசே கடை திறப்பதை அத்தையின் கண்ணீரைக் காட்டி நியாயப்படுத்தாதீர்கள். அத்தையின் தம்பியைக் கொன்ற சரக்கு எங்கள் பந்தலிலிருந்து போனதில்லை.

சாயங்காலம் லோயர்கேம்ப் வரை போனேன். பென்னிகுயிக் மணிமண்டபத்தில் பிறந்தநாளுக்குப் போட்ட மாலைகள் காய்ந்து கிடந்தன. ஜனவரி 15இல் ஊரே அவருக்குப் பொங்கல் வைக்கும். அப்படி என்ன செய்தார் அந்த வெள்ளைக்காரர்? மேற்கே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை நிறுத்தினார். 1895இல் அணை முடிந்தது. பெய்கிற மாதத்துத் தண்ணீர் காய்கிற மாதத்துக்குக் காத்திருந்தது. அதில்தான் இந்தப் பள்ளத்தாக்கு எழுந்தது, நெல் வந்தது, தென்னை வந்தது, மாமாவின் பந்தலும் வந்தது.

தண்ணீரைத் தேக்கி வைத்தவருக்கு மாலை போடுகிற ஊர் இது. பழத்தைத் தேக்கி வைக்க இடம் கேட்டால் மட்டும் ஏன் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள்?

வீடு திரும்பியதும் முகநூல் குறிப்பின் கடைசி வரியை அழித்தேன். ‘நம்மூர்ல இப்படி ஒண்ணு இல்லையே’ என்பது பொய். நம்மூரில் எல்லாம் இருக்கிறது. பானையை மட்டும் நாம் விவசாயியிடம் கொடுக்கவில்லை.